ருமில்தாவின் சோதனைத் தாள்கள்

ருமில்தா அகினோ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் பராகுவாரியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துதானே வருகிறாள் என்று மடக்கலாம். அதுவும் அரைகுறைதான். பள்ளம் வந்தால் கால்மிதியில் எழுந்து நின்றுகொள்வாள். தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரைக்கூட நின்றுகொண்டே உறிஞ்சிவிட்டு, குவளையை அடுத்தவர் கையில் திணித்துவிட்டு நகர்வாள்.

முப்பத்து மூன்று வயது. பழைய பிரிண்டர்களைப் பழுது பார்க்கிறாள். எங்கள் ஊரையும் சேர்த்துப் பதினோரு ஊர்களுக்குப் போகிறாள். விதைக் கிடங்கு, பள்ளிக்கூடம், கால்நடைச் சந்தை, எங்களுடையது போன்ற, பத்திரம் எழுதும் நோட்டரி அலுவலகம் என்று ஊசி பிரிண்டர் எங்கே கரகரக்கிறதோ அங்கெல்லாம் அவள் தொலைபேசி எண் சுவரில் எழுதியிருக்கும். பதினாறு வயதில் நகராட்சியில் தரை துடைத்தவள். அங்கே வரி ரசீது அச்சடிக்கும் இயந்திரம் நின்றுபோனபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு தலைநகரில் ஒரு கடையில் இரண்டு வருடம். எல்லை தாண்டிப் புவெனஸ் அய்ரஸில் வீட்டு வேலைக்கு இரண்டு முறை போனாள். முதல் முறை ஐந்து மாதம், இரண்டாம் முறை ஏழு வாரம்.

"ஏன் திரும்பி வந்துட்டே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த வீட்டுல எல்லாமே புதுசு. ஒண்ணுகூடக் கெட்டுப்போகல. என்ன பண்ணுறது அங்க?"

அவளிடம் ஒரு கோப்பு உண்டு. ஊசி பிரிண்டரில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், கம்ப்யூட்டர் இல்லாமல் தானாகவே எழுத்துகளை வரிசையாக அடித்துக் காட்டும். அந்தச் சோதனைத் தாளை ஒவ்வொரு முறையும் எடுத்து, பின்பக்கம் ஊரும் தேதியும் எழுதி, கோப்பில் சேர்ப்பாள். ஒரே பிரிண்டருக்கு ஒன்பது வருடத் தாள்கள்கூட உண்டு. எந்த ஊசி எந்த வருடம் மழுங்கத் தொடங்கியது என்று வரிசையாகப் பார்க்கலாம். என்னைப் பற்றி அப்படி ஒரு கோப்பு இருந்தால் அதில் என்ன தெரியும் என்று நான் சில நாள் யோசித்திருக்கிறேன்.

நான் சட்டம் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். சட்டம் படித்தவர்களை எங்கள் ஊரில் டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். நோட்டரி செல்சா அம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே என்னையும் அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கத் தோன்றும், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. திங்களன்று பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், புதியது வந்திருந்தது. டைப் அடிக்கும் மென்பொருளும் புதியது. பிரிண்டர் மட்டும் பழையது. அதை மாற்ற செல்சா அம்மா சம்மதிக்கவில்லை. ஊசி தாளைக் குத்தி எழுதினால்தான் யாரும் சுரண்டி மாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

அன்று எவரிஸ்தாக்காவின் வீட்டுப் பத்திரம். பேருந்து நிலையத்தில் சிபா என்ற சீஸ் ரொட்டி விற்கிறவர் அவர். கிரிஸ்பின் என்ற கொத்தனாரின் வீட்டில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். அதையே வாங்கியும் விட்டார். விலை முழுவதும் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. புவெனஸ் அய்ரஸில் வேலை செய்யும் கிரிஸ்பின் இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். மாலை ஆறு மணிக்குப் பேருந்து. அடுத்து வருவது ஈஸ்டருக்குத்தான்.

"அதுக்குள்ள இவரு அண்ணன்மாரு இவரு மனசைக் கலைச்சிடுவாங்க," என்றார் எவரிஸ்தாக்கா, கிரிஸ்பினை வைத்துக்கொண்டே.

கிரிஸ்பின் மறுக்கவில்லை. "அவங்க பேச ஆரம்பிச்சா நான் தாங்க மாட்டேன்க்கா. இன்னிக்கே முடிச்சுடுங்க."

பத்திரத்தை எண் போட்ட தாளில்தான் அடிக்க வேண்டும். பக்கத்துக்கு இருபத்தைந்து கோடுகள் முன்னமே அச்சிட்டிருக்கும். எழுத்து அந்தக் கோடுகளில் உட்கார வேண்டும். கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போட முடியாது. குறுக்கே 'செல்லாது' என்று எழுதி அந்த வருடத் தொகுப்பில் வைத்துத் தைப்பார்கள். அன்று காலை எங்களிடம் ஆறு தாள்கள் இருந்தன. புதிய தாள் திங்களன்றுதான் வரும். இரு பக்கமும் அடித்தால் இந்தப் பத்திரத்துக்கு இரண்டு தேவை.

பழைய கம்ப்யூட்டரில் அடித்து, பிரதி எடுத்து வைத்திருந்த பத்திரத்தைத் திறந்தேன், தாளைச் செருகினேன், அடித்தேன். எழுத்து கோட்டின் மேலேயே ஏறி நின்றது. பக்கத்தின் பாதிக்கு மேல் கோட்டுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. செருகியதில் தவறோ என்று இன்னொரு தாளை வைத்தேன். அதே கதை. வெள்ளைத் தாளில் அடித்துப் பார்க்கலாம் என்பது ஐந்து வருடம் படித்த எனக்குத் தோன்றவே இல்லை. மீதி நாலு.

"பிரிண்டர் போச்சு," என்றேன் செல்சா அம்மாவிடம்.

மதியம் இரண்டு மணிக்கு, ஊரே தூங்கும் நேரத்தில், ருமில்தா வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே பிரிண்டர் பொத்தானை அழுத்திச் சோதனைத் தாளை எடுத்தாள். கரகரவென்று வந்தது. கிழித்து, போன வருடத் தாளோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்தாள்.

"இவன் நிரபராதி, டாக்டர். கம்ப்யூட்டரைக் காட்டு."

புதிய கம்ப்யூட்டர் பிரிண்டரை அடையாளம் தெரியாமல், பொதுவாக ஒரு பெயரில் பதிந்து வைத்திருந்தது. அந்தப் பெயரில் போனால் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும், அளவுகள் மாறும் என்றாள். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டியலில் தேடிச் சரியான மாடலைப் போட்டாள். நின்றபடியே, குனிந்து, ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே. எழுத்தையும் பிரிண்டரின் சொந்த எழுத்துக்கு மாற்றினாள். வரி இடைவெளியைத் தாளின் கோட்டோடு அளந்து எண்ணாகப் போட்டாள். வெள்ளைத் தாளில் முதல் ஐந்து வரி அடித்து எண் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். அப்படியே உட்கார்ந்தது.

"சரியா இருக்கே, நல்ல தாளைப் போடு," என்றார் செல்சா அம்மா.

"முழுப் பக்கமும் வெள்ளையில பாத்துடலாம்மா," என்றாள் ருமில்தா.

"மணி மூணே கால். அந்த மனுஷன் பெட்டியோட உக்காந்திருக்கான். போடு, பொண்ணே."

போட்டேன். ஆறு வரி அழகாக வந்தது. ஏழாவது வரியின் வாலிலிருந்து மூன்று சிறு கோடுகள் நழுவி எட்டாவது வரியில் தனியாக விழுந்தன. அதன் பிறகு எல்லாம் ஒரு வரி இறங்கிப்போனது. பக்கத்தின் அடியில் எழுத்து தாளைத் தாண்டி உருளையின் மேல் அடித்தது. மீதி மூன்று.

ருமில்தா செல்சா அம்மாவைப் பார்க்கவில்லை. துணியால் உருளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பொறுமை இல்லைன்னு ஊரெல்லாம் பேசுது."

செல்சா அம்மா உள்ளே போய்விட்டார். வெளியே எவரிஸ்தாக்கா கூடையிலிருந்து ஒரு சிபாவை எடுத்துக் கிரிஸ்பினுக்குக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார். எவரிஸ்தாக்கா மறுபடி நீட்டினார். ஆளைப் போகவிடாமல் வைத்திருக்க அவரிடம் இருந்தது அதுதான்.

ருமில்தா திரையில் ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணுக்குத் தெரியாத குறிகளையெல்லாம் காட்டும் பொத்தான். பத்திரம் முழுக்கப் புள்ளிகளும் வளைந்த குறிகளும் நிறைந்தன.

அவள் கால் தட்டுவது நின்றது. "இதை யாரு அடிச்சது?"

"நான்தான்."

"ஒவ்வொரு வரி முடியும்போதும் என்டர் தட்டியிருக்கே."

"ஆமா. அம்மா அப்படித்தான் தட்டுவாங்க, டைப்ரைட்டர்ல."

"மீதி இடத்துக்கெல்லாம் கோடு?"

கோடு போடுவது நோட்டரிகளின் வழக்கம். வரியின் கடைசியில் காலி இடம் விட்டால், பின்னால் யாராவது ஒரு சொல்லை அங்கே நுழைத்துவிடலாம். அதனால் விளிம்பு வரை சிறு கோடுகளால் நிரப்புவோம். நான் ஒவ்வொன்றாக எண்ணித் தட்டியிருந்தேன். பழைய எழுத்தில் சிறு கோடு குறுகலானது. புதியதில் அகலம்; முதல் ஆறு வரிகளில் ஒன்றிரண்டே இருந்ததால் அடங்கிவிட்டன, ஏழாவதில் நிறைய. மிஞ்சிய மூன்று கோடுகள் அடுத்த வரிக்கு விழுந்துகொண்டிருந்தன.

"நீ காலேஜ் போய் டைப்ரைட்டரா வந்திருக்கே," என்றாள் ருமில்தா. சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் உறுத்தியது. ஒரு வருடமாக நான் அடித்த எல்லாப் பத்திரங்களும் கண்ணுக்கு முன் வந்தன. செய்வதை ஏன் செய்கிறேன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. யாரோ செய்ததைப் பார்த்தேன், செய்தேன். படித்ததும் அப்படித்தானா?

யோசிக்க நேரமில்லை. மணி நாலு. பத்திரம் பத்தி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதுவது என்பதால் வேலை எளிது என்றாள். எல்லா என்டரையும் தேடி எடுத்துவிட்டு இடைவெளி போடச் சொன்னாள். எல்லாச் சிறு கோட்டையும் தேடி அழிக்கச் சொன்னாள். இரண்டு கட்டளைதான். கோடுகள் மறைந்து எழுத்து நீளமாக ஒன்றோடொன்று ஒட்டி ஓடியது. இரு பக்கமும் விளிம்பைத் தொடும்படி வைத்ததும் வரிகள் தாமாகவே நிறைந்தன. காலி இடம் கடைசி வரியில் மட்டும்தான்.

செல்சா அம்மா வந்து பார்த்தார். "கோடு எங்கே?"

"வரிதான் நிறைஞ்சிருக்கே. நுழைக்க எடமே இல்லம்மா," என்றேன்.

"இருபத்தெட்டு வருஷமா கோடு இல்லாம ஒரு வரி விட்டதில்ல."

"கடைசி வரிக்கு நீங்களே பேனாவால போட்டுடுங்க," என்றாள் ருமில்தா. "உங்க கைக்கோடு. எந்த மெஷினும் கெடுக்காது."

செல்சா அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து அளவுகோலைத் தேடத் தொடங்கினார்.

நாலு பக்கமும் வெள்ளைத் தாளில் அடித்தோம். ஒவ்வொன்றையும் ஜன்னலில் ஒட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தன. மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிடம்.

"போடலாம்," என்றாள் ருமில்தா. தலைக்கவசத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கை மூன்று முறை அவசரப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு முன் பத்திரத்தை இரு தரப்புக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவது முறை. அதை நல்ல தாளில் அடித்த பிறகு வாசிப்போம். இப்போது வெள்ளைத் தாளையே வாசிக்கிறேன் என்றேன்.

"நேரம்," என்றார் கிரிஸ்பின்.

"வேகமா வாசிக்கிறேன்."

வாசித்தேன். எவரிஸ்தாக்காவுக்குத் தன் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத்து தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மனையின் எண் வந்தது. "இரண்டு ஏழு ஒன்று பூஜ்யம் நான்கு மூன்று பூஜ்யம் ஆறு."

கண்ணைத் திறந்தார். "மறுபடி சொல்லு, டாக்டர்."

சொன்னேன்.

"அது என் வீடு இல்ல. இருபத்தேழு கோடு ஆயிரத்து நாப்பத்து மூணு கோடு பூஜ்யம் ஆறு. வருஷா வருஷம் வரி கட்டுற எடத்துல ஜன்னல்ல சொல்றேன். ரெண்டு கோடு இருக்கணும்."

ருமில்தா எட்டிப் பார்த்தாள். எல்லாச் சிறு கோட்டையும் அழி என்ற கட்டளை, மனை எண்ணில் இருந்த இரண்டையும் அழித்திருந்தது. அந்த எண் நாலு இடத்தில் வந்தது. இப்படியே பதிவுக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்கும். அப்போது கிரிஸ்பின் எங்கேயோ ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்திருப்பார், அண்ணன்மாரின் தொலைபேசி எண்ணோடு.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்," என்றாள் ருமில்தா. தலைக்கவசத்தை மறுபடி கீழே வைத்தாள்.

எட்டுக் கோடுகளையும் நானே போட்டேன். ஒவ்வொன்றையும் எவரிஸ்தாக்காவின் வரி ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளைச் செருகினேன். பிரிண்டர் அடிக்கத் தொடங்கியது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டாவது தாள். எழுத்து கோட்டில் உட்கார்ந்துகொண்டே போனது. கடைசி வரியின் காலி இடத்தில் செல்சா அம்மா அளவுகோல் வைத்து, மெல்ல, ஒரே இழுப்பில் கோடு போட்டார்.

கிரிஸ்பின் நின்றபடி கையெழுத்துப் போட்டார். எவரிஸ்தாக்கா உட்கார்ந்து, பேனாவை ஒருமுறை துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். ஐந்தே முக்கால்.

"நான் கொண்டுபோய் விடுறேன், ஏறு," என்றாள் ருமில்தா கிரிஸ்பினிடம். அவர் பெட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். எவரிஸ்தாக்கா கூடையில் மிச்சமிருந்த சிபாவை எல்லாம் ஒரு பையில் போட்டு அவர் கையில் திணித்தார். இந்த முறை அவர் வாங்கிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பும் முன் ருமில்தா சட்டைப் பையிலிருந்து பழுதுச் சீட்டை எடுத்து, பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தாள்.

"என்ன கோளாறுன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். செல்சா அம்மா வாசலில்தான் நின்றிருந்தார்.

பிரிண்டர் என்று சொல்லியிருக்கலாம். அவளும் எழுதியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"நான் தட்டின என்டர்னு எழுது," என்றேன்.

"நான் அழிச்ச கோட்டையும் சேத்து எழுதுறேன்," என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

செல்சா அம்மா சீட்டை வாங்கிப் படித்தார். கெட்டுப்போன மூன்று தாள்களையும் என்னிடம் நீட்டினார். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 'செல்லாது' என்று எழுதினேன். அவை அந்த வருடத் தொகுப்பில் எவரிஸ்தாக்காவின் பத்திரத்துக்கு முன்னால் இருக்கின்றன. யார் புரட்டினாலும் தெரியும். தொகுப்பு என் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ருமில்தாவைப் போல எழுந்து நின்றுகொள்கிறேன்.