நான் முதலில் போய்ச் சேர்ந்த தேவாலயம்

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நாலு நான் பெற்றவை, இரண்டு என் தங்கையின் பிள்ளைகள். வளர்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறு பேருக்கும் சைக்கிள் ஓடப் பழக்கியது நான்தான். சீற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, அவர்கள் அறியாமல் கையை விட்டவளும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். பெரிய விசயங்களைப் பற்றி எனக்குச் சொல்ல வராது. ஆனால் சைக்கிளைப் பற்றி என்னோடு ஒருவரும் வாதாட வரவேண்டாம்.

இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோ நகரத்தின் ஓரத்திலுள்ள புருசெத்தில், இளைய மகளின் வீட்டில். போன குளிருக்குக் கடைப்பக்கம் போனபோது பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அதற்கு முன்னர் நினைத்த நேரம் தே-பானெ ரயிலில் ஏறி நகரத்துக்குப் போவேன். துறைமுகத்தடியில் இருந்து கப்பல்களைப் பார்த்துவிட்டு, பசித்தால் வீட்டுக்கு வருவேன். விழுந்த அன்றோடு மகள் ஒரு சட்டம் போட்டாள்: அம்மா தனிய எங்கேயும் போகக்கூடாது. கை ஒட்டி, கட்டு அவிழ்த்து, கோடையும் வந்துவிட்டது. சட்டம் மட்டும் அவிழவில்லை.

அந்த நேரத்தில்தான் மருமகன் பிரான்சுக்குப் போவோம் என்றார். பாரிசுக்கு இல்லை. பாரிசில் எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிறார்கள். அங்கே போனால் வீடு வீடாகச் சாப்பிட்டே விடுமுறை முடிந்துவிடும். அவர் சொன்னது தெற்கே, சின்னச் சின்ன ஊர்கள். அவருக்குப் பழைய தேவாலயம் பார்க்கும் பைத்தியம். எங்கள் கோவிலில் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது உள்ளே வருகிற மனிதர், அங்கே காலை எட்டு மணிக்கே தேவாலய வாசலில் நின்றார்.

“மாமி, இஞ்சை பாருங்கோ. வளைவு வட்டமா இருக்குது. அப்பிடியெண்டால் நல்ல பழசு. கூரா இருந்தால் பிந்தி வந்தது.”

“காலமை பாத்ததும் வட்டம்தானே, தம்பி?”

“ஓம் மாமி.”

“அப்ப அதையே ரெண்டு தரம் சுத்திப் பாத்திருக்கலாமே.”

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தேவாலயத்துக்குள் சிரிப்பு வந்தால் நிற்காது. என்னைப் பார்த்தால் இன்னும் கூடும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கும் அந்தத் தேவாலயங்கள் பிடித்துக்கொண்டன. வெளியில் வெயில் கொளுத்தும். உள்ளே காலை வைத்தால் கிணற்றடி போலக் குளிர்ச்சி. ஒன்றில், தூணின் உச்சியில் ஒரு கல்லுச் சிங்கம் ஓர் ஆளை விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கப்படுகிறவன் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நொந்தது.

மூன்றாம் நாள் வாய்க்கால் கரைக்குப் போனோம். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. நான் சொன்னால் மருமகன் திருத்துவார், ஆகவே வாய்க்கால் என்றே சொல்கிறேன். எங்கள் தோட்டத்து வாய்க்காலை நான் ஒரே எட்டில் தாண்டியிருக்கிறேன். இது வீடு போன்ற படகுகள் போகிற வாய்க்கால். ஒரு படகில் ஒருவர் முட்டை பொரித்துக்கொண்டே போனார், மணம் கரைக்கு வந்தது. இரண்டு கரையிலும் பெரிய மரங்கள். பட்டை திட்டுத் திட்டாக உரிந்து, உடம்பு வெள்ளையும் பச்சையுமாய், கொப்புகள் தண்ணீருக்கு மேலே ஒன்றோடொன்று கோத்து நின்றன. அடியில் மண்பாதை, கல்யாணப் பந்தலுக்குள் போடுகிற பாதை மாதிரி நீளமாய் நேராய்ப் போனது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பனிக்கட்டி இல்லை. அதைப் பார்த்ததும் என் கால் இரண்டும் தாமாகவே ஆடத் தொடங்கிவிட்டன.

சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் மகள் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். மூன்று சைக்கிள்கள். அதில் மருமகனுடையது, முன்னால் பெரிய பெட்டி வைத்தது. சின்னப் பிள்ளைகளை இருத்திக்கொண்டு போவார்களே, அது.

“அம்மா, நீங்கள் இதுக்குள்ளை இருங்கோ. குசன் போட்டிருக்கு.”

“நான் என்ன, சந்தைக்குப் போற பூசணிக்காயோ?”

“கூசெலி அம்மம்மா!” என்றாள் பேத்தி. நோர்வேக்காரர் சுகமாக இருப்பதற்கு எல்லாம் சொல்லும் சொல் அது.

“கூசெலியெண்டால் நீ ஏறி இரு. உன்ரை சைக்கிளை இஞ்சை கொண்டா.”

அவள் உடனே பெட்டிக்குள் ஏறிக் காலை மடக்கி இருந்துவிட்டாள். எழும்பச் சொன்னால் எழும்பவில்லை. அதிலிருந்தே ஆட்சி நடத்தலாம் போல இருக்கிறதாம். மகள் தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, எத்தினை வருசமாச்சு நீங்கள் சைக்கிளிலை ஏறி?”

“அது உனக்கேன்? இஞ்சை பார் பிள்ளை. அடுத்த ஊர்த் தேவாலயத்துக்கு நான் விழாமல், இறங்கி உருட்டாமல் ஓடிப்போனால், ஒஸ்லோவுக்குத் திரும்பினாப் பிறகு நான் நினைச்ச நேரம் தனியப் போவன். ஓடேலாமல் போச்செண்டால், நீ இழுத்த இழுப்புக்கு வாறன். இந்தப் பெட்டிக்குள்ளையும் இருக்கிறன்.”

“முதல் ஏறிக் காட்டுங்கோ பாப்பம்.”

சீற்றை நன்றாகப் பதிக்கச் சொன்னேன். சேலைக்குக் கீழே பேத்தியின் விளையாட்டுக் காற்சட்டையைப் போட்டு, கொய்யக மடிப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். பச்சைச் சேலை, பறந்தால் அழகாய்த்தான் இருக்கும், சங்கிலிக்குள் போனால் அழகில்லை. ஏறினேன். வண்டி முதலில் வாய்க்கால் பக்கம் போகப் பார்த்தது. மகள் “ஐயோ!” என்றாள். பிறகு மரத்துப் பக்கம் போகப் பார்த்தது. மருமகன் “ஐயோ!” என்றார். மூன்றாம் முறை உழக்கினேன், பாருங்கள், அது நேரே போனது. கைக்கும் காலுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

பின்னால் மகள் வந்தாள். அவள் வாய் அவளுக்கு முன்னால் வந்தது.

“அம்மா, மெல்ல! அம்மா, கல்லு! அம்மா, வேர்! அம்மா, நாய் வருது!”

“நாய்க்கும் கண் இருக்குது பிள்ளை!”

அந்தச் சத்தத்திலிருந்து தப்பத்தான் நான் கொஞ்சம் வேகமாய் உழக்கினேன். வேகம் வந்ததும் சேலைத் தலைப்பு எழும்பியது. நிழலும் வெயிலும் மாறி மாறி மடியில் விழுந்து போயின. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காரணமும் இல்லாமல் வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போகிற கிழவியைப் படகுக்காரர் பார்த்துக் கைகாட்டினார்கள். நானும் ஒரு கையை விட்டுக் காட்டினேன். முறிந்த கையால்தான் காட்டினேன்.

எதிரே இறுக்கமான வண்ண உடுப்புப் போட்ட கிழவர்கள் கூட்டமாய்ச் சைக்கிளில் வந்தார்கள். எல்லோரும் மணி அடித்தார்கள். மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று நினைத்து நானும் அடித்தேன். அவர்கள் இன்னும் அடித்தார்கள், நானும் இன்னும் அடித்தேன். கடைசியில் அவர்கள் இரண்டாய்ப் பிரிந்து எனக்கு வழி விட்டு, “போன்ஜூர்” என்று கத்திக்கொண்டு போனார்கள். “வணக்கம்” என்றேன். ஊரில் நாங்கள் இடதுபக்கம் ஓடுகிறவர்கள். அங்கே வலதுபக்கம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!

வழியில் தண்ணீருக்குக் கதவு போட்ட ஓர் இடம் வந்தது. படகு உள்ளே போக, கதவைச் சாத்தி, தண்ணீரை விட்டு, படகை லிப்டில் ஏற்றுவது போல மேலே ஏற்றுகிறார்கள். அதைப் படம் எடுக்க மருமகன் அங்கே நின்றுவிட்டார். மகளின் சைக்கிள் சங்கிலியும் அங்கேதான் கழன்றிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. நான் பின்னால் சத்தம் இல்லை, வாய் ஓய்ந்துவிட்டது, நல்லது என்று நினைத்து உழக்கிக்கொண்டே போனேன்.

மரங்களுக்கு மேலால் கோபுரம் தெரிந்தது. பாலத்தடியில் திரும்பி, ஒரு சின்னச் சந்துக்குள்ளால் ஓடி, வாசலிலேயே போய் இறங்கினேன். சின்னத் தேவாலயம். வளைவு வட்டம். ஆகவே நல்ல பழசு. ஆனால் கதவு பூட்டியிருந்தது.

சைக்கிளைச் சாத்திவிட்டு, பழக்கத்தில் செருப்பையும் கழற்றிவிட்டுப் படியில் இருந்தேன். முன்வீட்டு ஜன்னல் திறந்தது. மூடியது. என் வயதுப் பெண் ஒருத்தி, மாப்பிடித்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் கதவுப் பூட்டின் திறப்பு. அகப்பைக் காம்பளவு நீளம். அவள் பிரெஞ்சில் கதைத்தாள், நான் தமிழில் கதைத்தேன். இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அவள் என் சேலையைத் தொட்டுப் பார்த்தாள், நான் அந்தத் திறப்பைத் தொட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒருவரும் இல்லை. நான் கும்பிட்டுவிட்டு இடமிருந்து வலமாகச் சுற்றத் தொடங்கினேன். அவளும் என் பின்னால் சுற்றி வந்தாள். அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று நினைத்தாளோ தெரியாது. பின்மூலையில் மேலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கியது. நான் கயிற்றைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “அடிக்கலாமோ?” என்று கையால் கேட்டேன். அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் தோளை ஒருதரம் உயர்த்தினாள்.

இழுத்தேன். அசையவில்லை. அவளும் வந்து பிடித்தாள். இரண்டு பேருமாய்த் தொங்கினோம். மேலே என்னவோ முனகியது, பிறகு கயிறு எங்கள் இருவரையும் குதிக்கால் எழும்பத் தூக்கியது. டாண்! அவள் கூக்காட்டினாள். டாண்! நானும் கூக்காட்டினேன். ஊரில் ஜன்னல்கள் திறபடுகிற சத்தம் கேட்டது. எங்களுக்குச் சிரிப்பில் கையை எடுக்க வரவில்லை.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மகள் அழுத முகத்தோடு உள்ளே ஓடி வந்தாள்.

“அம்மா! துலைஞ்சு போனீங்களெண்டு நினைச்சன். தண்ணிக்குள்ளையெல்லாம் எட்டி எட்டிப் பாத்தனான். உங்கடை சீலையும் பச்சை, தண்ணியும் பச்சை!”

அவளை அணைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைத்த பிறகு சொன்னேன்:

“நான் துலையேல்லை பிள்ளை. வாறனெண்ட இடத்துக்குத்தான் வந்தனான். நீங்கள்தான் பிந்தி வந்தனீங்கள்.”

“உருட்டிக்கொண்டு வந்தனீங்களோ ஆருக்குத் தெரியும்?” என்றாள் பேத்தி. விசமம்.

மருமகன் தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் திறப்புக்காரியிடம் விசாரித்தார். அவள் இரண்டு கையையும் சுழற்றி உழக்கிக் காட்டினாள், பெருவிரலால் மணி அடித்தும் காட்டினாள்.

“ஜன்னலுக்காலை பாத்தவவாம். மாமி ஓடித்தான் வந்தவவாம். மணியும் அடிச்சுக்கொண்டு வந்தவவாம்,” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “சொன்னது சொன்னதுதான்” என்று சொல்லிவிட்டு வளைவைப் பார்க்கப் போய்விட்டார்.

மகள் மூக்கை உறிஞ்சினாள். “சரி. ஆனால் போனைக் கையிலை கொண்டு போகோணும்.”

“கொண்டு போறன்.”

திறப்புக்காரி தன் வளவு மரத்து அத்திப்பழங்களை ஏப்ரனில் அள்ளிவந்து தந்தாள். திரும்பும்போதும் நான்தான் ஓடினேன். வலதுபக்கமாய்.

மகள் சொன்ன சொல்லை மீறவில்லை. இரண்டு கிழமையாய் நான் தனியாக நகரத்துக்குப் போய் வருகிறேன். ஆனால் அவள் மற்றப் பிள்ளைகளுக்குப் போனில் கதை சொல்லியிருக்கிறாள், தன்னுடைய விதத்தில். கனடாவில் இருக்கிற மூத்தவன் எடுத்து, “அம்மா, பிரான்சிலை துலைஞ்சு போனீங்களாம். இனித் தனிய வெளிக்கிடாதேங்கோ” என்கிறான். லண்டன்காரியும் அதையே சொல்கிறாள். வருகிற ஞாயிறு ஆறு பேரும் வீடியோவில் கூடி, அம்மா தனிய வெளியே போகலாமோ என்று முடிவெடுக்கப் போகிறார்களாம். என்னைப் பற்றிய கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அது பெரிய காரியம்.

அதனால்தான் நடந்ததை நடந்தபடி நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். ஞாயிறுக்கு முன்னர் ஆறு பேருக்கும் இது போய்ச் சேரவேண்டும். அனுப்பும் முன்னர் நான் ஒருதரம் கேட்கவேண்டும்.

சரி பிள்ளை, முதலிலையிருந்து வாசி, கேப்பம். அவசரப்படாதை. குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிக்கிற கொம்மாவுக்கும் கேக்கத்தக்கதாய் வாசி.