நீர் மாத்திரை

இதயம் பலவீனமான பிறகு எனக்குத் தூக்கமும் போய்விட்டது. கசகசாப் பால், சாதிக்காய்ப் பால் என்று யார் எதைச் சொன்னாலும் குடித்துப் பார்த்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கேட்டேன்.

டாக்டரம்மா, "நீர் மாத்திரைய எப்பப் போடுறீங்க?" என்றார்.

"ராத்திரிதான். ஆரப்பாளையத்துல ஜவுளிக்கடையில வேலை. பகல்ல போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும்."

"அப்ப ராத்திரி பூரா எந்திரிச்சுக்கிட்டே இருக்கீங்க. காலையில போடுங்க. இதய நோய் இருக்கிறதால முழுசாத் தூங்க முடியாது. பாதியாவது தூங்கலாம்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. சூப்பர்வைசர் முகம் சுளிக்கக் கூடாது என்று என் மருந்தின் நேரத்தையே மாற்றியிருக்கிறேன். கிடைக்கிற அந்தப் பாதித் தூக்கத்தை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கடையில் முகூர்த்தக் கூட்டம். பட்டுச்சேலை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி நீர் முட்டியது.

சூப்பர்வைசர் முறைத்தார். "இப்பத்தானம்மா போயிட்டு வந்தீங்க?"

"ஆமாண்ணே. இன்னும் எம்புட்டுத் தடவை போவேன்னு எனக்கே தெரியாது," என்று சேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.