இடது கைக்குப் பொறித்த பெயர்

முதலியார்பேட்டையில் இருக்கிற என் லேசர் கடைக்கு வருவதில் பாதி ஷீல்டு, மீதி வீட்டுப் பெயர்ப்பலகை. கையால் கடைந்த மரப்பேனாவில் பெயர் பொறிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. நான் பயப்படுவதும் அதற்குத்தான். பாலிஷ் போட்டு முடித்த பேனாவில் ஒருமுறை சுட்டால் சுட்டதுதான்.

ரெட்டியார்பாளையத்தில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர் ஒருநாள் ஒரே ஒரு பேனாவோடு வந்தார். மகள் வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறாளாம். அவள் படித்த தேக்கு மேஜையைக் கரையான் அரித்துவிட, மிஞ்சிய ஒரு காலில் கடைந்த பேனா. இன்னொன்று செய்ய மரமில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். எழுதுவது எந்தக் கை?

"இடது கை. அதுக்கும் பேருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வலது கையில் பிடித்தால், முனைப் பக்கம் தொடங்குகிற பெயர் எழுதுகிறவருக்கு நேராகத் தெரியும். இடது கைக்காரருக்கு அதுவே தலைகீழ். இதைச் சொன்னால் அவர் ஒப்பவில்லை. எத்தனையோ வருடமாகப் பேனா கடைகிறாராம், பெயர் முனையிலிருந்துதான் ஆரம்பிக்குமாம், மாற்றிப் போட்டால் பார்க்கிறவன் சிரிப்பானாம். எனக்குச் சுருக்கென்று வந்தது. பேனா பார்க்கிறவனுக்கா, எழுதுகிறவளுக்கா என்று கேட்டுவிட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். பேனாவைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, மரத்தில் படாத அளவுக்கு லேசரைக் குறைத்து, டேப்பின் மேலே மட்டும் பெயரைப் போட்டேன். ஒரு பக்கம் அவர் சொன்னபடி, மறுபக்கம் நான் சொன்னபடி, முனைக்கு எதிர்க் கோடியிலிருந்து. மகள் எதைச் சொல்கிறாளோ அதையே பொறிக்கிறேன் என்றேன். பேனாவை டேப்போடு வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வேறு கடையில் கொடுத்து அவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார் என்றே நினைத்தேன். வேலை கைவிட்டுப் போனதைவிட, அந்தப் பெண்ணுக்குப் பெயர் தலைகீழாகப் போகுமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என் மேஜையில் ஒரு தாளை இழுத்து, அந்தப் பேனாவால் நாலு வரி எழுதிக் காட்டினாள்.

"எந்தப் பேனாவுலயும் எழுத்து எனக்குத் தலைகீழாத்தான் இருக்கும். பேனான்னாலே அப்பிடித்தான்னு நெனச்சிட்டேன். இந்தப் பக்கமே போடுங்கக்கா" என்றாள்.

அவள் காட்டியது நான் சொன்ன பக்கம்.

பொறித்து முடித்து டேப்பை உரித்தேன். புகைக்கறை இல்லை, பாலிஷ் துளி கூட மங்கவில்லை, எழுத்து ஒவ்வொன்றும் கத்தரித்த மாதிரி இருந்தது. இந்த ஊரில் இதைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பேனாவை முதலில் அப்பாதான் வாங்கினார். பழக்கமில்லாத தன் இடது கையில், எழுதப் போகிறவர் மாதிரி பிடித்துக்கொண்டு, மகளின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார்.