நான்கு நிமிட நிறுத்தம்

எங்கள் டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். அவர் வண்டி பாலத்தைத் தாண்டும் நேரத்தை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்களை எனக்கே தெரியும். அந்த வண்டியில் பன்னிரண்டு வருடமாக நான் கண்டக்டர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவருக்கு வரவே வராது. அதனால்தான் வண்டி ஓடிற்று.

போன வருடம் அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மாதம் ஒரு ஹார்மோன் ஊசி. நாலு மாதம் கழித்து வந்தவர் பாதியாக இளைத்திருந்தார். ஊசியின் வேலையோ என்னவோ, உட்கார்ந்தபடியே உடம்பு கொதித்து, சட்டை தொப்பலாக நனைந்துவிடும். "உங்க அண்ணிக்கும் இப்ப அந்த வயசு, அதே சூடு. இருக்கிறது ஒரு ஃபேன், ரெண்டு பேருக்கும் தினம் சண்டை" என்று சிரிப்பார்.

வந்த இரண்டாவது வாரம் பாலத்தில் நெரிசல். முக்கால் மணி நேரம் சக்கரம் உருளவில்லை. ஒருவழியாகக் கடைசி நிறுத்தத்துக்குப் போனதும் பாட்டில் தண்ணீரை மடியில் கொட்டிக்கொண்டார். கை நடுங்குதா என்று கிண்டலடித்தேன். அடுத்த வாரமும் கொட்டினார். மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, பாட்டிலுக்கு மூடின்னு ஒண்ணு இருக்கே, அதைக் கொஞ்சம் போட்டா என்ன?"

அவர் காலி பஸ்ஸின் கதவைச் சாத்தினார்.

"தெரிஞ்சேதாண்டா ஊத்திக்கிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணுக்கு அடக்க முடியல. பேடு வச்சுத்தான் வர்றேன், நெரிசல்ல அதுவும் தாங்கல. பாக்கிறவங்க தண்ணி கொட்டிடுச்சுன்னு நெனச்சுக்கட்டும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரே தொடர்ந்தார்.

"கட்டில் சமாச்சாரமும் போச்சு. உங்க அண்ணிகிட்ட சொல்லி அழுதேன். ஆள் இருக்கீங்கல்ல, எனக்கு அது போதும்னுட்டா. அவகிட்டயே சொல்லியாச்சு, ஊர்கிட்ட என்ன மறைக்கிறது?"

மறுநாள் காலையிலேயே மேனேஜர் முன்னால் போய் நின்றார். மேனேஜர் நல்லவர்தான், ஆனால் மேலிடம் என்றால் தொடை நடுங்கும். ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற வேலை தருவதாகச் சொன்னார், சம்பளம் குறையாதாம். "நான் டிரைவர் சார்" என்றார் இவர், அவ்வளவுதான். கடைசியில், பாதி வழியில் கழிப்பறை இருக்கிற பெட்ரோல் பங்கில் நாலு நிமிடம் நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் பயணிகளிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் ஆபீஸ் நாற்காலிதான். ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் முணுமுணுப்போடு போயிற்று. நாலாம் நாள், வண்டி பங்கில் நின்றதும் டை கட்டிய ஒருவர் எழுந்துவிட்டார்.

"தினமும் இங்க என்ன வேலை? எங்களுக்கெல்லாம் ஆபீஸ் கிடையாதா? வண்டி நம்பரைச் சொல்லுய்யா, இன்னைக்கே புகார் எழுதுறேன்."

நான் சட்டைக் கையை மடித்தேன். அதற்குள் கடிகாரம் எழுந்து, எல்லோரையும் பார்த்தபடி நின்றார்.

"எனக்குப் புராஸ்டேட்ல கேன்சர். ஆபரேஷன் ஆயிடுச்சு, பொழச்சுட்டேன். ஆனா ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியல. அதான் நிறுத்துறேன். உங்க நேரத்தை எடுத்துக்கிறதுக்கு மன்னிச்சுடுங்க. விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன்னு வேகமா மட்டும் ஓட்ட மாட்டேன்."

அவர் இறங்கி நடந்தார். ஓடவில்லை, தலையைக் குனியவில்லை. இருபத்தாறு வருடம் நேரம் தவறாததைவிட இதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குள் ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்தபடி இறங்கி அவர் பின்னால் போனார். அப்புறம் இன்னொருவர். அதன் பிறகும் இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். யார் யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரியாக நாலாவது நிமிடம் அவர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். போனவர்களும் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். பழக்கதோஷத்தில் என் கை மணிக்குப் போனது.

"இருடா, அடிக்காத" என்றார் மெதுவாக. "புகார் எழுதுறவர் இன்னும் கக்கூஸ் உள்ளதான் இருக்கார்."