இழுப்பதற்கு ஆறு இங்கிலீஷ்

எங்கள் வீட்டுக்காரர் எதையும் வெடுக்கென்று இழுத்து நான் பார்த்ததில்லை. பிரிட்ஜ் கதவைக்கூட, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவது மாதிரிதான் திறப்பார். கரைவலையில் வளர்ந்த உடம்பு அது. திருப்பாலைக்குடிக் கரையில் வலை இழுக்கும்போது கயிற்றில் இருபது பேர் நின்றாலும் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். எவனாவது அவசரப்பட்டு வெட்டி இழுத்தால் வலை கிழியும், மீன் கலையும். அதையெல்லாம்விட, முன்னால் நிற்பவனின் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். அப்படி இழுத்தவனை அன்றைக்குக் கயிற்றைத் தொடவிட மாட்டார்கள்.

இப்படிப்பட்ட மனுசருக்கு வளைகுடாவில் ஒரு வேலைக்குப் பேச்சு வந்தது. பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற படகில் கயிறு பார்க்கும் வேலை. அங்கே இருக்கிற என் தம்பிதான் சொல்லி வைத்தான். நாற்பத்தைந்து வயது முடிந்தால் எடுக்க மாட்டார்களாம். இவருக்கு அடுத்த மாதம் முடிகிறது. கடலில் மீன்பாடு குறைந்துபோன நேரம், மகளையும் காலேஜில் சேர்த்திருந்தோம். இதை விட்டால் வேறு வழியில்லை என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

போனில் முகம் பார்த்து இன்டர்வியூ. கயிறு சம்பந்தமான இங்கிலீஷ் சொற்களை அங்கிருந்து ஓர் அதிகாரி சொல்வார், கேட்டதும் கயிற்றை வைத்துச் செய்து காட்ட வேண்டும் என்று தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். அதில் இழுப்பதற்கு மட்டும் ஆறு சொல். புல், ஹால், டக், ஜெர்க், யாங்க், ஸ்நாட்ச்.

"ஒரு கயித்த இழுக்க இம்புட்டுப் பேரா? வெள்ளக்காரனுக்கு வேற சோலியே இல்லையா?" என்றார் இவர்.

மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். "அத்தா, புல்னா சும்மா இழுக்குறது. ஹால்னா பாரத்த நின்னு நிதானமா இழுக்குறது, நீங்க வலை இழுக்குறீங்கள்ல, அது. டக்னா லேசாச் சுண்டி இழுக்குறது. ஜெர்க்னா வெடுக்குன்னு ஒரு வெட்டு. யாங்க்னா அதே வெடுக்குத்தான், ஆனா முழுப் பலத்தோட. ஸ்நாட்ச்னா பறிக்கிறது."

"ஹால் மட்டும் போதும்மா. மத்ததெல்லாம் கெட்ட பழக்கம்."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் மீன் ஆய்ந்துகொண்டே காதில் விழுந்ததில் ஆறும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்குத்தான் ஏறவே இல்லை. சோறு போடும்போதும் நான் விடமாட்டேன்.

"மச்சான், காயப்போட்ட நெத்திலிய காக்கா தூக்கிட்டுப் போகுதே, அது என்ன?"

"களவு."

"ஸ்நாட்ச்! தொண்டி பஸ்சு கெளம்பும்போது நம்மள ஒரு தூக்குத் தூக்கிப் போடுதே?"

"டிரைவர் சரியில்ல."

"ஜெர்க்! சரி, அக்காள்மடத்துல ஒங்க அக்கா, 'சாப்பிடாம போயிருவியா'ன்னு என் கைய புடிச்சு இழுப்பாகளே, தோள்பட்டை கழண்டு போற மாதிரி, அது?"

யோசித்தார். "அது பாசம்."

"அதுதான் யாங்க்!"

"ஏ புள்ள, பேசாம நீயே வேலைக்குப் போ. நான் இங்கன மீன் ஆஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்," என்றார். ஆனாலும் அன்று இரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து, நான் சொன்ன உதாரணங்களை அவரே முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் நானும் இந்த வேலை ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்து இன்டர்வியூ. போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தாள் மகள். கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டப் பார்த்தார் இவர். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பி, தொட்டாலே உதிர்ந்தது. நேரமாகிவிட்டது. "நீ புடி," என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால், போனில் தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் எல்லாம் நல்லபடியாகப் போனது. அதிகாரி புல் என்றார், இவர் இழுத்தார். ஹால் என்றார், குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து அழகாக இழுத்தார். டக் என்றதற்கு லேசாகச் சுண்டினார். சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஜெர்க்!"

கயிறு அசைந்தது, அவ்வளவுதான். தூளிக் கயிற்றை ஆட்டியது மாதிரி இருந்தது.

"யாங்க்!"

அதற்கும் அதே ஆட்டல்தான்.

"நோ, நோ. யாங்க்! ஹார்ட்!"

மூன்றாவது தடவையும் அதே. சொல் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். வயதும் போய் வேலையும் போகப்போகிறதே. "மச்சான், இழுங்க! அக்கா மாதிரி இழுங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

"தெரியும்டி. விழுந்துருவ," என்றார் வாய்க்குள்ளேயே.

எனக்கு வந்ததே கோபம். பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டு கையாலும் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே வெட்டாக நானே இழுத்துவிட்டேன். மனுசர் அதை எதிர்பார்க்கவில்லை. திரையோடு சேர்ந்து அடுப்படிக்குள் வந்து விழுந்தார். கஞ்சிச் சட்டி உருண்டது. போனில் வெறும் சுவர்தான் தெரிந்திருக்கும்.

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

தலையில் சோற்றுப் பருக்கையோடு எழுந்து போய் நின்றார். "சாரி சார். மை ஒய்ஃப் யாங்க்," என்றார்.

அதற்கு நல்ல தமிழில் கேட்டார் அதிகாரி. "அந்த முனையில உங்க வீட்டம்மாவா நின்னாங்க?"

"ஆமா சார்."

"அதான் இழுக்கலையா?"

"எதிர்ல ஆளு நின்னா வெட்டி இழுக்க மாட்டோம் சார். கரைவலையில அப்பிடித்தான் பழக்கம்."

"சரி, அம்மாவ விட்ருங்க. வேற எதுலயாவது கட்டி இழுங்க, பாப்போம்."

அடுப்படிக் கதவின் கொண்டியில் கட்டினார். யாங்க் என்று அதிகாரி சொல்லி வாய் மூடவில்லை, கொண்டி திருகாணிகளோடு பிய்த்துக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் மோதியது. நிலைக்கு மேலிருந்த பல்லி கீழே விழுந்து ஓடியது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம் இந்த மனுசரோடு இருக்கிறேன், எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், இப்படி ஒரு பலம் அந்தக் கைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் தகவல் வந்தது. எடுத்துவிட்டார்கள், இருபது நாளில் கிளம்ப வேண்டும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவு. மகள் துள்ளிக் குதித்தாள், இவர் அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார்ந்துவிட்டார். நான் தொழப் போனேன்.

தொழுது முடித்துக் கை ஏந்தினேன், ஒன்றும் கேட்க வரவில்லை. கேட்டதைத்தான் கொடுத்துவிட்டானே. முஸல்லா விரிப்பிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, குடுத்தத அல்லாட்ட வாபஸ் கேக்குறியோ?"

"வாபஸ் கேப்பனா? லீவு கேக்குறேன். ரெண்டு வருசத்துக்கு ஒண்ணாம்ல, அத வருசத்துக்கு ஒண்ணா ஆக்கித் தரச் சொல்றேன்."

"கேக்குறதுதான் கேக்குற, ரெண்டாக் கேளேன். அவன்ட்ட என்ன கூச்சம்?" என்றவர், பக்கத்தில் வந்து அமர்ந்து தானும் கை ஏந்தினார்.