பனிக்கட்டி படாத மீன்

கண்ணால் கண்டதையும், கண்டவர் வாயால் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் அக்காவின் கணவர் இக்கதையைச் சிட்னியின் பிறந்தநாள் விழாக்களிலும் அரங்கேற்றங்களிலும் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் பிடித்த மீன் சற்று நீள்கிறது; என் மனைவியின் கைப்பக்குவம் சற்றுத் தாழ்கிறது. மிகைக்கு மிகை பதிலாகாது. ஆகவே அவருக்குச் சாதகமான உண்மை இருப்பினும் எழுதுவேன். ஒன்று இருக்கிறது: அத்தான் மீன் பிடிக்கத் தெரிந்தவர்.

அன்று அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். காலையில் அவரும், பரமட்டாவில் அவரோடு பணிபுரியும் மலேசியத் தமிழர் ஒருவரும், நானும் அவருடைய சிறு படகில் கடலுக்குப் போவது. பிடித்த மீனை என் மனைவி எங்கள் ஹோம்புஷ் வீட்டில் சமைப்பது. இரவு அவருடைய நண்பர்கள் வந்து உண்பது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவரே. என் மனைவியின் மீன் குழம்புக்கு அந்நாளில் ஒரு பெயர் இருந்தது. தெரிந்தவர் வீட்டில் விருந்தென்றால் அவளுடைய சட்டியை எதிர்பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. அதை அவள் மறைத்ததுமில்லை.

வழியில் பெட்ரோல் நிலையத்தில் இரண்டு பை பனிக்கட்டி வாங்கியிருந்தேன். படகு இறக்கும் சரிவில் அத்தான் அவற்றைத் தூக்கிக் கரையில் வைத்தார்.

“ஐஸ் மீன் தின்னவோடா கடலுக்குப் போறம்? அதெண்டா கடையில வாங்கலாமே.”

“வெயில் ஏறப் போகுது அத்தான்.”

“நீ புத்தகத்தில மீன் பிடிச்சனி. நான் கடலில பிடிச்சனான். ஏறு.”

எம்மவரிடையே ‘ஐஸ் மீன்’ என்பது ஒரு வசை. பல நாள் கிடந்த மீன், உருசி போன மீன் என்று பொருள். கரைக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு தெருவே இருந்த எங்கள் பழைய ஊரில் அந்த இகழ்ச்சி நியாயமானது. சிட்னியின் கோடையில், கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்த மீனுக்கு அதைப் பொருத்துவது மடமை. நாங்கள் புறப்பட்டபோது இரண்டு பைகளும் சிமெந்துச் சரிவில் ஒழுகத் தொடங்கியிருந்தன.

ஆழத்துப் பாறைத்திட்டின் மேல் தூண்டிலில் கோத்த கணவாய் மீன் துண்டுகளை இறக்கினோம். இங்குள்ளோர் ரெட்ஃபிஷ் என்றும் நானிகாய் என்றும் அழைக்கும் சிவப்பு மீன் கூட்டமாக வாழ்வது. ஒன்று கடித்தால் அடுத்த தூண்டிலையும் இன்னொன்று கடிக்கும். ஆழத்திலிருந்து இழுக்கப்படுவதால் இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கும். கண்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியவை. அத்தான் இரண்டிரண்டாக ஏற்றினார். வாளி நிறைந்தது. மேலே ஒரு நனைத்த சாக்கைப் போட்டார். அப்போதே திரும்பியிருக்கலாம். அவருக்கோ கிங்ஃபிஷ் ஒன்றும் வேண்டியிருந்தது. நண்பகல் கடந்தும் அதைத் தேடி அலைந்தோம், ஒன்றும் அகப்படவில்லை. சாக்கு காய்ந்து விறைத்திருந்தது.

மீன் முழுவதையும் அவர் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மாலையில் எங்கள் பங்கைச் செதில் நீக்கி, துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி எடுத்து வந்தார். என் மனைவி ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“அண்ணை, மீன் நல்லதுதானே? மெத்தெண்டு கிடக்கு.”

“கடல் தண்ணி இன்னும் காயேல்லைத் தங்கச்சி. இந்தச் சாதி மீனே அப்பிடித்தான்.”

அந்த மீனின் சதை இயல்பிலேயே மென்மையானது என்பது உண்மை. நானும் அறிந்திருந்தேன். அதனால் எவரும் மேலே கேட்கவில்லை.

அவள் வழக்கம்போலவே சமைத்தாள். நான் குசினியில் உடனிருந்தேன். புளியும் கறித்தூளும் கொதித்த பிறகே மீனைப் போட்டாள், அகப்பை வைக்காமல் சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டினாள், தேங்காய்ப்பால் விட்டதும் அடுப்பைத் தணித்து மூடினாள். மூடியைத் திறந்தபோது துண்டுகள் இல்லை. சதை நூல் நூலாகக் கரைந்து, முள் தனியே மிதந்தது. மஞ்சளுக்கு அடியில் ஒளிந்திருந்த வாடை ஆவியோடு எழுந்தது. வேறு சமைக்க நேரமில்லை. விருந்தினர் வாசலில் நின்றார்கள்.

ஒருவர் அகப்பையால் சட்டியைத் துழாவினார்.

“அக்கா, மீன் நீந்திப் போட்டுதோ?”

அத்தான் உரக்கச் சொன்னார்: “கடலிலயிருந்து உயிரோட வந்த மீன். குசினிக்குள்ள போய்த்தான் செத்தது.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாக்கியம் மட்டும் வீட்டுக்கு வீடு நடந்தது. சில மாதங்களின் பின், முன்பின் அறியாத ஒருவர் கோயில் வாசலில் அதை என்னிடமே நகைச்சுவையாகச் சொன்னார். அவள் அதன்பின் எவருக்கும் மீன் சமைக்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

மலேசியத் தமிழரைப் பரமட்டா ரயில் நிலையத்தில் கண்டபோது, பனிக்கட்டியை இறக்கி வைத்தது யாரென்று கேட்டேன்.

“அவருதாங்க எறக்கி வச்சாரு. பாத்தேனே.”

“அதை நாலு பேர் முன்னால் சொல்வீர்களா?”

“எதுக்குங்க வம்பு? எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன்.”

அடுத்த கோடையில் வேறொரு படகில் போய், அதே இன மீனைப் பிடித்த கையோடு பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் இட்டுக் கொண்டுவந்தேன். மனைவி நெடுநேரம் மறுத்தாள், பின் சமைத்தாள். துண்டுகள் முழுதாக நின்றன. உண்டவர்கள் நாங்கள் இருவரே.

மீன் கெட்டது பனிக்கட்டி இல்லாமையால்தான் என்று அத்தானிடம் நேரில் சொன்னேன். “உன்ர பெண்சாதிக்குக் கறி பிழைச்சால் கடலையோ குற்றம் சொல்லுறாய்?” என்றார். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. அதில் எனக்குத் துயருமில்லை.

அக்காவிடம் மட்டும் தொலைபேசியில் கேட்டேன், அன்று அவர்கள் வீட்டில் இருந்த மிச்ச மீன் என்னவாயிற்று என்று.

“அதோ? அவரே குப்பைத் தொட்டியில கொண்டுபோய்ப் போட்டவர். நாத்தம் தாங்கேலாது.”

“எப்ப அக்கா? எங்களுக்குக் கொண்டுவர முன்னமோ, விருந்து முடிஞ்சு போன பிறகோ?”



“எனக்கு நினைவில்லைத் தம்பி. விடன்.”

மீன் கெட்டது வெயிலில்; என் மனைவியின் அடுப்பில் அல்ல. இது உறுதி. தம் பங்கை எறிந்துவிட்டு எங்கள் பங்குக்கு மஞ்சள் பூசினாரா, அல்லது அறியாமல் கொண்டுவந்து, வீடு திரும்பிய பின்னரே அறிந்தாரா என்பது தெரியவில்லை. அக்காவுக்கு உண்மையிலேயே நினைவில்லையா என்பதும் தெரியவில்லை.