மான்கொம்பு வைத்த பேஸ் கிட்டார்

அண்ணாவின் கடிதம் வழக்கம்போல நலம் விசாரித்துத் தொடங்கவில்லை. “எடியே, எங்கட பேஸ் கிட்டார் அங்க ஒரு பழைய சாமான் கடையில கிடக்குதாம்” என்று நேரே விஷயத்துக்கு வந்துவிட்டது. ஊருக்கு வந்து திரும்பிய யாரோ துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கண்டாராம். லண்டனில் இருக்கிற மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடையைத் தாண்டித் தினமும் படிப்பிக்கப் போகிற எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்மேலேயே பத்திக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் அண்ணா துறைமுகத்தில் கிளாக்கர். சரக்குக் கப்பலில் வந்த மாலுமி ஒருவனிடம் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து அந்தக் கிட்டாரை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா கம்பிகளை எண்ணிப் பார்த்தார். “ஆறு இருக்கவேணுமெல்லே? ரெண்டைக் கழட்டிப்போட்டு உன்ரை தலையில கட்டிப்போட்டான்” என்றார். பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்று அண்ணா எவ்வளவு சொல்லியும் அம்மா கடைசிவரை நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹோலில் அவர்களுடைய பாண்ட் கூடும். நாலு பொடியன்கள், தோள்வரை தலைமயிர், நிலம் கூட்டுகிற பெல்பொட்டம். சிற்றலை வானொலியில் இரைச்சலோடு வருகிற ஆங்கில ரொக் பாட்டுகளைக் காதால் பிடித்து எழுதுவார்கள். சொல் விளங்காத இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கடற்கரை ஹோட்டலில் வாசிக்கும்போது வெள்ளைக்காரர் அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டெல்லாம் முன்னுக்கு நின்று தலையை ஆட்டுகிற லீட் கிட்டார்காரனுக்குத்தான். அவன் பிழை விட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. பின்னால் அசையாமல் நிற்கிற அண்ணா ஒரு அடி தவறினால் பாட்டே படுத்துவிடும். இதை நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கண்டுபிடித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

பெண்பிள்ளை கேட்டால் தருவார்களா? நான் கேட்கவுமில்லை. அண்ணா வேலைக்குப் போனதும் எடுத்துவிடுவேன். சத்தம் பெருக்குகிற ஆம்பில் கொழுவினால் அயலட்டை முழுக்கக் கேட்கும், கொழுவாவிட்டால் நுளம்பு இரைகிற சத்தம்தான் வரும். ஒருநாள் தற்செயலாகக் கிட்டாரின் தலை அலுமாரிக் கதவில் முட்டியது. அம்மாடி! அலுமாரி முழுக்கப் பாடியது. உள்ளே இருந்த கண்ணாடிக் கோப்பைகள் கிலுங்கின. அதற்குப் பிறகு கதிரையை அலுமாரிப் பக்கம் இழுத்துப்போட்டு, தலையைக் கதவில் அண்டக்கொடுத்துத்தான் வாசிப்பேன். “என்னடி, மாடு வயிறு ஊதிக் கத்துறமாதிரிக் கிடக்கு?” என்று அம்மா குசினியிலிருந்து கேட்பார். “ரேடியோ அம்மா” என்பேன்.

அப்படி ஒருநாள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணாதான் என்று பதறி எழும்பினேன். கிட்டார் கை நழுவி நிலத்தில் விழுந்தது. வந்தது தபால்காரர். கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில், கம்பிகளைத் தாங்குவதற்கு நாலு வெட்டுப் போட்ட ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அது இரண்டாக முறிந்து கிடந்தது. அது இல்லாமல் கம்பி நிற்காது. அப்போதுதான் அம்மாவின் மான்கொம்பு கண்ணில் பட்டது. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் திரிகிற மான்கள் உதிர்த்த கொம்பு அது. முழங்கால் நோவுக்குக் கல்லில் உரைத்துப் பூசுவதற்காக வைத்திருந்தார். இரும்பு அறுக்கிற பிளேட்டால் அதில் ஒரு துண்டு அறுத்து, அரத்தால் தேய்த்து, நாலு மணிக்குள் ஒரு புதுத் துண்டு செய்து பூட்டிவிட்டேன். தடித்த கம்பிக்குரிய வெட்டு மட்டும் ஆழமாகிப் போனது. கம்பி கிர்ரென்றது. தீப்பெட்டி ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து அடியில் சொருகினேன்.

அண்ணா அன்று பின்னேரம் அதை எடுத்து வாசித்தார். வழக்கம்போல மூலையில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா, “பாதிக் கொம்பு எங்க போயிட்டுது?” என்று தொடங்கினார். நான் வாய் திறக்க முதல் அண்ணா, “பாண்டில ஒருத்தனுக்குக் கால் சுளுக்கு, நான்தான் வெட்டிக் குடுத்தனான்” என்றார். இரண்டு நாள் அவருக்கு ஏச்சு. அவரும் ஒரு துண்டு வெட்டியிருக்கிறார் போல, என் நல்ல காலம் என்று நினைத்து நான் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அண்ணா லண்டனுக்குப் போனார். கிட்டார் என்னிடம் நின்றது. தொண்ணூறில் சண்டை தொடங்கி ஊர் கலைந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது கதவில் பூட்டுமில்லை, உள்ளே அலுமாரியுமில்லை, கிட்டாருமில்லை. அம்மா அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். கிட்டாருக்காக அழ எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதேன்.

இப்போது இந்தக் கடிதம். அண்ணா அடையாளங்கள் எழுதியிருந்தார். கழுத்தைப் பூட்டுகிற நாலு ஆணியில் ஒன்று பித்தளை, தோணிக்கு அடிக்கிற ஆணி. பெயின்ற் உரிந்த இடத்தில் தோணிக்குப் பூசுகிற நீலம் பூசியிருக்கும். கடைசி வரிகளை நான் மூன்று தரம் வாசித்தேன். “முக்கியமானது அந்த வெள்ளைத் துண்டு. அது அசல் யானைத் தந்தம். அது இருந்தா அடுத்த மாசம் வாற என்ரை சிநேகிதனிட்டக் குடுத்துவிடு, இங்க பழைய பாண்ட்காரர் எல்லாரும் ஒருக்கா சேர்ந்து வாசிக்கப்போறம். தந்தமில்லையெண்டா அது என்ரையில்லை. நீ விரும்பினதைச் செய்.”

தந்தமாம்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. சிரிப்பு முடிந்ததும்தான் யோசனை வந்தது. எனக்கு அந்தக் கிட்டார் வேண்டும். அனுப்ப மனமில்லை. ஆனால் அண்ணா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய சாமான் அல்லவா?

ஞாயிறு காலை கடைக்குப் போனேன். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடை. உடைந்த மின்விசிறிகளுக்கும் கட்டில் கால்களுக்கும் நடுவில் அது கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வீடுகளில் களவுபோன சாமான்கள் வந்து சேருகிற பழைய சாமான் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. யாரோ மண்ணிறப் பெயின்றை அள்ளிப் பூசியிருந்தான், அறுவான். நகத்தால் சுரண்டினேன், நீலம் தெரிந்தது. சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகைக் காணவில்லை. அந்த இடத்தில் ரேடியோத் திருகு. அது நான் போட்டது, எங்கள் வீட்டு ரேடியோவில் கழற்றியது. பின்பக்கம் பித்தளை ஆணி இருந்தது. கம்பி மூன்றுதான் மிச்சம், மூன்றும் கறள் பிடித்துச் சிவந்து கிடந்தன.

“என்ன டீச்சர், மாடு பாக்கிறமாதிரிப் பல்லெல்லாம் புடிச்சுப் பாக்கிறீங்க?” என்றார் நானா.

கடைசியாகத்தான் வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். மஞ்சள் பூத்திருந்தது. தடித்த கம்பியைத் தூக்கினேன். அடியில் என் தீப்பெட்டிச் சீவல் அப்படியே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல், எத்தனை கை மாறி, அந்தச் சீவலை ஒருவரும் எடுக்கவில்லை.

“டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?” என்று நானா பயந்துபோய்க் கேட்டார்.

அங்கே விற்பனைக்கு நின்ற அலுமாரி ஒன்றில் தலையை அண்டக்கொடுத்து மூன்று கம்பிக்கும் சுருதி கூட்டினேன். “அல்லாவே, அலுமாரி பேசுது!” என்றார். நான் கொடுத்த காசைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு பழைய கட்டில் விரிப்பு ஒன்றில் சுற்றித் தந்தார். வழியில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரரின் சென்றியில் விரிப்பை அவிழ்த்து, முதுகு மூடியைக் கழற்றிக் காட்டி, ஓட்டை இல்லாவிட்டாலும் இதுவும் கிட்டார்தான் என்று நம்பவைக்க அரை மணித்தியாலம் போய்விட்டது. பதினொரு மணிக்கு அண்ணா கொமினிக்கேஷன் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். கிட்டாரோடு ஓடினேன்.

பலகையால் அடைத்த சின்னக் கூண்டுக்குள் தொலைபேசி. வெளியே மர வாங்கில் இருந்தபடி பிள்ளைகளின் அழைப்புக்காகக் காத்திருக்கிற தாய்மார்.

“பாத்தியே?” என்றார் அண்ணா.

“பார்த்தனான். அது உங்கட இல்லை.”

“ஏன்?”

“அந்த வெள்ளைத் துண்டு தந்தமில்லை. மான்கொம்பு.”

“ஓம். அப்ப அது என்ரையில்லைத்தான். உன்ரை.”

“அண்ணா... உங்களுக்கு எப்ப தெரியும்?”

“நீ பூட்டின அண்டைக்கே. அலுமாரிக் கதவில உன்ரை கதிரை உயரத்துக்கு ஒரு பள்ளம் கிடந்ததை நான் காணேல்லையெண்டு நினைச்சியோ? அம்மாட்ட ரெண்டு நாள் ஏச்சு வாங்கினது ஆர், நீயோ?”

அழுதுவிட்டேன். வாங்கில் இருந்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று எழும்பி வந்துவிட்டார்கள்.

“அழாதை. கடையில அது கிடக்கெண்டு கேட்ட உடனை உன்ரை நினைவுதான் வந்தது. சும்மா எடு எண்டா நீ எடுக்கமாட்டாய். வாசி, கேப்பம்.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கிட்டாரின் தலையைக் கூண்டுப் பலகையில் அண்டக்கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால் நின்று வாசித்த அடியைப் பிடித்தேன். கூண்டு அதிர்ந்தது. ஒரு அம்மா கூண்டுக் கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூண்டாவது கம்பி கொஞ்சம் இறங்கிக் கிடக்கு” என்றார் அண்ணா.

“என்ரை கிட்டார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேளுங்கோ” என்றேன்.

கேட்டார்.